ஏசி/டிசியின் ‘லைவ் அட் ரிவர் பிளேட்’: தனி ஆல்பமாக அதற்கு மதிப்பு உண்டா?

கிளாஸ்கோ ரசிகன்:
ஆஸ்திரேலிய ராக் இசைக்குழுவான ஏசி/டிசியின் மிகச் சிறந்த மேடைப் பதிவு ‘லைவ் அட் ரிவர் பிளேட்’தான் என்று சென்ற வாரம் இங்கே இருவர் எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

2009 டிசம்பரில் பியூனஸ் அயர்ஸ் நகரின் ரிவர் பிளேட் மைதானத்தில் மூன்று இரவுகள் வாசித்தார்கள். டேவிட் மாலெட் இயக்கிய படம் 2011 மே மாதம் டிவிடியாக வந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, 2012 நவம்பரில், அந்தக் கச்சேரியின் ஒலியை மட்டும் பிரித்து இரட்டைக் குறுந்தகடாகவும் மூன்று சிவப்பு இசைத்தட்டுகளாகவும் விற்றார்கள். கூட்டம் அலையடிப்பதைக் கண்ணால் பார்த்தால் மயிர்க்கூச்செறியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? 62 வயதில் தொண்டையைப் பிழிந்து பாடும் பிரையன் ஜான்சன், ஸ்டுடியோவில் கேட்டபடியே மேடையிலும் ஒலிக்கும் ‘பிக் ஜாக்’, ‘வார் மெஷின்’ பாடல்கள். இவ்வளவுதான்.

1978இல் வந்த ‘இஃப் யூ வான்ட் பிளட்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஏப்ரல் 30 அன்று கிளாஸ்கோ அப்பல்லோ அரங்கில் பதிவானது. பத்தே பாடல்கள், ஒரே இசைத்தட்டு. அன்றைய பாடகர் பான் ஸ்காட் ஒவ்வொரு வரியையும் எதிரில் நிற்பவனிடம் வம்புக்கு இழுப்பதுபோல் பாடுகிறார். கிட்டார் வாசிக்கும் மால்கம், ஆங்கஸ் யங் சகோதரர்கள் பிறந்த ஊர் அது. 1963இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் திரும்பி வந்து வாசிக்கிறார்கள். அந்தச் சூடு எந்த மைதானத்திலும் கிடைக்காது.

இடப்பக்கக் கிட்டார்:
நண்பரே, மிஞ்சுவது என்ன என்று கேட்டீர்கள். மால்கம் யங் மிஞ்சுகிறார்.

படத்தில் கேமரா எப்போதும் ஆங்கஸின் பின்னால் ஓடுகிறது. பள்ளிச் சீருடை, துள்ளல், தரையில் உருளல். அதில் தவறில்லை, அவர்தான் காட்சி. மால்கமோ தன் ஆம்ப்ளிஃபயர்களின் முன்னால் நிற்பார், பின்பாட்டுப் பாட மட்டும் மைக்கருகே வருவார், மீண்டும் பின்னால் போய்விடுவார். படம் பார்க்கும்போது அவரை மறந்துவிடுகிறோம். ஒலியை மட்டும் கேட்கும்போதுதான் அந்தக் கட்டடத்தைத் தாங்கும் தூண் எது என்று தெரிகிறது.

அவருடைய 1963ஆம் ஆண்டு கிரெட்ச் கிட்டாரில் கம்பிகள் பொருந்தும் பாலத்தருகே, அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் ஒரே ஒரு பிக்கப் மட்டும் இருக்கும், மற்றவற்றைக் கழற்றிவிட்டார். ஒலியில் இரைச்சலைக் கூட்டமாட்டார். தடித்த கம்பிகளைப் பலமாக அடித்து வாசிப்பதில்தான் அந்த முழக்கம் பிறக்கிறது. ‘ஹெல் எய்ன்ட் எ பேட் பிளேஸ் டு பி’ தொடங்கும் இடத்தைக் கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டு கிட்டார்களுக்கு நடுவே எவ்வளவு காற்று இருக்கிறது! ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் வந்து உட்காருகிறார். இந்தக் காற்று 1992இல் வந்த ‘லைவ்’ ஆல்பத்தில் இல்லை. அங்கே எல்லாம் மெருகேறிப் பளபளக்கிறது, ஆனால் மூச்சு முட்டுகிறது.

தாளக்கட்டு:
இடப்பக்கத்தார் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்க வேண்டும். இந்தக் குழுவின் பெரும்புகழ் 1980இல் வந்த ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தில் இருக்கிறது. அதை வாசித்த ஐவர் ஆங்கஸ், மால்கம், பிரையன் ஜான்சன், கிளிஃப் வில்லியம்ஸ், டிரம்ஸ் வாசிக்கும் ஃபில் ரட். அந்த ஐவரும் சேர்ந்து வாசித்த முழு மேடை ஆல்பம் 2012 வரை வரவே இல்லை. 1978 ஆல்பத்தில் ரட் இருக்கிறார், பிரையன் இல்லை. 1992 ஆல்பத்தில் பிரையன் இருக்கிறார், டிரம்ஸில் கிறிஸ் ஸ்லேட். ரட் 1983இல் வெளியேறி 1994இல்தான் திரும்பினார். ‘பேக் இன் பிளாக்’கையும் ‘ஷூட் டு த்ரில்’லையும் அவற்றை உண்டாக்கிய கைகளே மேடையில் வாசித்துக் கேட்க இந்த ஆல்பத்துக்குத்தான் வர வேண்டும்.

ஸ்லேட் நல்ல வாசிப்பாளர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அடியைச் சரியாக அதன் தலையில் வைக்கிறார். ரட் ஒரு மயிரிழை பின்னால் வைக்கிறார். அந்த மயிரிழையில்தான் ரசிகனின் தலை தானாக ஆடுகிறது.

கிளாஸ்கோ ரசிகன்:
ரட்டைப் பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன், ஏனென்றால் அந்த மயிரிழை 1978 பதிவிலும் இருக்கிறது, அதுவும் இளமையோடு.

மால்கம் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு மறதிநோய் என்று உலகுக்குத் தெரிந்தது 2014 செப்டம்பரில். 2017 நவம்பரில் இறந்தார். ஆல்பம் வெளிவந்த நேரத்தில் நம்மில் யாருக்கும் அது தெரியாது. அப்போது இதை அவருடைய பெருஞ்சாதனை என்று யாராவது சொன்னார்களா? நானும் அவரை நேசிப்பவன்தான். ஆனால் ஒரு கலைஞனின் மரணம் அவன் பதிவுகளின் தரத்தைக் கூட்டுவதில்லை. துக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் பதிவும் புனிதமாகிவிடும்.

இன்னொன்று, ‘லெட் தேர் பி ராக்’. 1978இல் எட்டரை நிமிடத்தில் பற்றி எரிந்து முடிகிறது. இங்கே கால் மணி நேரத்தையும் தாண்டிப் போகிறது. ஆங்கஸ் எங்கே ஓடுகிறார், கூட்டத்தை என்ன செய்யச் சொல்கிறார் என்று பார்த்தால்தான் அந்த நீளத்துக்குப் பொருள் உண்டு. வெறும் ஒலியாகக் கேட்பவன் பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.

ஒலிமேடை:
மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில், அந்தக் காதோடு சொல்கிறேன்.

முதலில் கிளாஸ்கோ நண்பர் சொன்ன ஒன்றை ஆதரிக்கிறேன். ‘லெட் தேர் பி ராக்’ தனிவாசிப்பு ஒலித்தட்டில் நீளம்தான். கத்தரி வைத்திருக்கலாம். மூன்று இரவுகளின் பதிவிலிருந்து ஒரு கச்சேரியைக் கோத்திருக்கிறார்கள், அதனால் ஓர் இரவின் ஏற்ற இறக்கத்தை இதில் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் படம் இல்லாமல் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பது தவறு. கூட்டம் மிஞ்சுகிறது. மூன்று இரவுகளிலும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். 1996க்குப் பிறகு 13 ஆண்டுகள் இந்தக் குழுவைப் பார்க்காமல் காத்திருந்தவர்கள். பொதுவாகத் திறந்தவெளி மைதானத்தில் கூட்டத்தின் ஒலி ஒரு சீரான இரைச்சலாகத்தான் பதிவாகும், பாடலுக்குப் பாடல் வேறுபாடு தெரியாது. இங்கே அப்படியில்லை. ‘தண்டர்ஸ்ட்ரக்’ தொடங்கும்போது கிட்டார் வாசிப்பதையே அவர்கள் தொண்டையால் பாடுகிறார்கள். சொற்களுக்காகக் காத்திருக்கவில்லை, திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கான ரிஃப்பையே பாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். 1978 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்த மைதானம் அது. கால்பந்துக்காக மணிக்கணக்கில் ஒரே குரலில் பாடிப் பழகிய ஊர். அந்தப் பழக்கம்தான் இங்கே இசைக்கு வந்திருக்கிறது. ஒலிக்கலவை செய்த மைக் ஃபிரேசர் கூட்டத்தின் மைக்குகளைத் துணிந்து மேலே ஏற்றியிருக்கிறார். வேறொரு பொறியாளராக இருந்தால் பயந்து இறக்கியிருப்பார், ஏனென்றால் கூட்டம் ஏறினால் டிரம்ஸின் கூர்மை மங்கும். சில இடங்களில் மங்கியும் இருக்கிறது. அதற்கு அந்த விலை தகும்.

கிளாஸ்கோ ரசிகன்:
கூட்டம் பாடுவதில் ரிவர் பிளேட் முன்னோடி இல்லை. ‘ஹோல் லாட்டா ரோஸி’ தொடக்க ரிஃப்பின் இடைவெளிகளில் ‘ஆங்கஸ்!’ என்று கத்துவதை உலகம் முழுவதற்கும் கற்றுக்கொடுத்தது அந்த 1978 ஆல்பம்தான். அர்ஜென்டினா ரசிகர்களும் அந்த வழக்கத்தின் பிள்ளைகளே.

பழைய தட்டு:
நான் இரண்டு பக்கமும் இல்லை, என் வருத்தம் பாடல் தேர்வில். 19 பாடல்களில் 9 பான் ஸ்காட் காலத்தவை. மீதி 10இல் நான்கு புத்தம்புதிய ‘பிளாக் ஐஸ்’ ஆல்பத்திலிருந்து. 1981இல் வந்த ‘ஃபார் தோஸ் அபவுட் டு ராக்’ பாடலுக்கும் 1990இல் வந்த ‘தண்டர்ஸ்ட்ரக்’குக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ‘பால்பிரேக்கர்’, ‘ஸ்டிஃப் அப்பர் லிப்’ ஆல்பங்களிலிருந்தும் ஒன்றுகூட இல்லை. முப்பது ஆண்டு உழைத்த பாடகருக்கு அவருடைய நடுக்காலத்தையே மேடையில் மறுத்திருக்கிறார்கள். பிரையன் பான் ஸ்காட்டின் பாடல்களை அவ்வளவு மரியாதையோடு பாடுகிறவர். அவருடைய சொந்தப் பாடல்களுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்க வேண்டும்.

இடப்பக்கக் கிட்டார்:
பழைய தட்டு சொன்னது நியாயமான வருத்தம். கிளாஸ்கோ நண்பருக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

துக்கத்தைக் காதில் வைத்துக் கேட்கிறோம் என்றீர்கள். நான் சொல்வது வாசிப்பைப் பற்றி. ஆங்கஸ் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார்: ‘பிளாக் ஐஸ்’ காலத்திலேயே மால்கமுக்கு மறதியின் அறிகுறிகள் இருந்தன, ஆண்டுக்கணக்கில் வாசித்த பாடல்களையே அவர் மீண்டும் பயிற்சி செய்து மேடை ஏறினார். இந்தத் தகவலை ஒதுக்கிவிட்டு ‘டர்ட்டி டீட்ஸ்’ பாடலையோ ‘டாக் ஈட் டாக்’ பாடலையோ கேளுங்கள். ஒரு தடுமாற்றம் காட்டுங்கள். பிறகு தகவலைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். தரம் கூடவில்லைதான், அது முதலிலேயே இருந்தது. அதற்கு அந்த மனிதர் கொடுத்த உழைப்பு எவ்வளவு என்பதுதான் நமக்குப் புதிதாகத் தெரிகிறது. 2010 ஜூனில் பில்பாவ் நகரில் அவர் கடைசியாக மேடையில் நின்றார். அந்த உலகச் சுற்றுப்பயணத்திலிருந்து ஆல்பமாக வெளியானது இந்த ஒன்றுதான்.

2012இல் யாரும் சொல்லவில்லையே என்கிறீர்கள். 2012இல் மால்கம் என்றைக்கும் அங்கே இருப்பார் என்று எல்லோரும் நம்பினோம். தூணை யார் தட்டிப் பார்ப்பார்கள்?

கிளாஸ்கோ ரசிகன்:
இதில் எனக்கு மறுப்பு ஒன்றே. உழைப்பு பெரிது என்பதை மனதார ஏற்கிறேன். ஆனாலும் இரண்டு ஆல்பங்களிலும் பொதுவாக உள்ள நான்கு பாடல்களை, ‘ஹெல் எய்ன்ட்’, ‘தி ஜாக்’, ‘ஹோல் லாட்டா ரோஸி’, ‘லெட் தேர் பி ராக்’, அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நான்கிலும் 1978தான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்புகிறது. ‘தி ஜாக்’ பாடலில் பான் ஸ்காட் கூட்டத்தோடு விளையாடும் குறும்பை பிரையனால் தொட முடியவில்லை. அவர் குரலின் இயல்பு வேறு.

ஒலிமேடை:
‘தி ஜாக்’கை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். ‘ஹெல் எய்ன்ட்’ மட்டும் ரிவர் பிளேட்டுக்கு. 1978 வாசிப்பு அவசரப்படுகிறது. 2009இல் வேகத்தை அடக்கிப் பாடலை உட்கார வைத்திருக்கிறார்கள், கிட்டார் ரிஃப் முழு எடையோடு இறங்குகிறது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். நீங்கள் முழுமை என்று போற்றும் அப்பல்லோ இரவும் வெட்டப்பட்டதுதான். ஸ்காட்லாந்து கால்பந்துச் சட்டையோடு திரும்பி வந்து ‘ஃபிளிங் திங்’ வாசித்த இடம் ஆல்பத்தில் இல்லை. அன்று வாசித்த ‘டாக் ஈட் டாக்’கும் இல்லை. ‘டாக் ஈட் டாக்’ பின்னர் 2009இல் வந்த ‘பேக்டிராக்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது. அந்தத் தொகுப்பு உங்களிடம் இருந்தால், அதிலுள்ள ‘டாக் ஈட் டாக்’கையும் ரிவர் பிளேட்டின் ‘டாக் ஈட் டாக்’கையும் இன்று இரவே அடுத்தடுத்துக் கேட்டு இங்கே எழுதுங்கள். அதே நான்கு பேர், 31 ஆண்டு இடைவெளி, பாடகர் மட்டும் வேறு.

கிளாஸ்கோ ரசிகன்:
இருக்கிறது. கேட்டுவிட்டு நாளை எழுதுகிறேன். பாடகரை ஒதுக்கிவிட்டு இடப்பக்கத்து மால்கமை மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள், பாடலை முழுதாகத்தான் கேட்பேன்.