அம்மா நினைவா நீர்மோர் பந்தல், கொஞ்சம் உதவுங்க

வணக்கம். எங்க அம்மா தவறி வர்ற சித்திரையோட ஒரு வருஷம் ஆகப்போகுது. எங்க வீடு மதுரை புதூர், சித்திரைத் திருவிழால கள்ளழகர் தல்லாகுளம் எதிர்சேவைக்கு (மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்குறது) இந்த வழியாத்தான் வருவாரு, அன்னைக்கு அம்மா வாசல்ல அண்டா வச்சு நடந்து வர்றவங்க எல்லாருக்கும் நீர்மோரும் பானகமும் குடுப்பாங்க, யாரு எவருன்னு பாக்கவே மாட்டாங்க, கைக்குழந்தையோட யாராச்சும் வந்தா உள்ள கூப்பிட்டு ஃபேன் போட்டு உக்கார வச்சுத்தான் அனுப்புவாங்க. இந்த தடவை நானும் தங்கச்சியும் செய்யப்போறோம். 500 பேருக்கு தயிர் எத்தனை லிட்டர், வெல்லம் எத்தனை கிலோ வாங்கணும்? அம்மாவுக்கு எல்லாமே கை அளவுதான். அந்த வெயில்ல மோர் புளிக்காம இருக்க எப்ப கலக்கணும்? உணவு பாதுகாப்புத் துறைல பதிவு பண்ணணும்ங்கிறாங்க, அதுக்கு என்னென்ன கேப்பாங்க? பந்தல் போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.