புதுப்பிப்பு: சூர்யா–தேவா பற்றிய சண்டை தீர்ந்தது

'தளபதி' படத்தில் வரும் சூர்யா, தேவா நட்பைக் காதலாகவும் வாசிக்கலாம் என்றதற்காக, வியாசர்பாடி கேரம் கிளப்பில் ஒரு அண்ணன் என்னிடம் பேசுவதில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"படத்தில் இருப்பதையும் உனக்குத் தோன்றுவதையும் பிரித்துச் சொல்" என்ற யோசனைதான் பலித்தது. 1991இல் வந்த படம், கர்ணன்–துரியோதனன் கதையைத் தழுவியது, காதல் என்று எங்கும் சொல்லவில்லை. இதை நான் முதலில் ஒப்புக்கொண்டேன். அப்புறம்தான் அவர் காது கொடுத்தார்.

எதிர்பாராதது ஒன்று: பவுடர் படிந்த விரலால் போனில் புறநானூறு 236ஐ எடுத்துக் காட்டினார். பாரி இறந்தபின், மறுமையிலும் உன்னோடு சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார் கபிலர். "நட்புக்கே இவ்வளவு ஆழம் உண்டு தம்பி" என்றார். என் வாசிப்பை நான் விடவில்லை. ஆனாலும் நேற்று ராத்திரி ஒரே ஜோடியாக ஆடினோம்.