ஒன்ராறியோவில் 16 வயதுப் பிள்ளைக்கு லைசென்ஸ்: ஜி1 தொடங்கி ஜி வரை

கேள்வி: மகனுக்குச் சித்திரையில் 16 முடிகிறது. ஸ்காபரோவுக்கு வந்து கொஞ்ச நாள்தான். எட்டு மாதத்தில் ஜி2 எடுக்கலாம் என்று சொல்கிறார்கள், சரியா? என்னிடம் இப்போது ஜி2 இருக்கிறது. நானே பக்கத்தில் இருந்து பழக்கலாமா?

பதில்: ஜி1 என்பது பழகுபவருக்கான லைசென்ஸ், ஜி2 தனியாக ஓட்ட விடும் இடைநிலை, ஜி முழு லைசென்ஸ். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பழக்கக் கூடாது. ஜி1 உள்ள பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் முழு ஜி லைசென்ஸும், குறைந்தது 4 வருடம் வாகனம் ஓட்டிய அனுபவமும் இருக்க வேண்டும். அவர் குடித்திருந்தால் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05க்குக் கீழே இருக்க வேண்டும். பிள்ளைக்கோ அது பூச்சியம்தான், கஞ்சாவும் அப்படியே. முன் சீட்டில் அந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. பின்னால் சீட் பெல்ட் எத்தனையோ அத்தனை பேர்தான். இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஓட்ட முடியாது. 401, 404 போன்ற 400 வரிசை ஹைவேக்கள், டொன் வலி பார்க்வே, கார்டினர், கியூ.ஈ.டபிள்யூ எதிலும் ஏறக் கூடாது. லைசென்ஸ் பெற்ற பயிற்சியாளர் கூட இருந்தால் மட்டும் ஹைவேக்கு விலக்கு உண்டு. தெரியாமல் 401க்கு ஏறும் வழிக்குள் போய்விட்டால் திரும்ப இடமில்லை. அதனால் பழகப் போகும் பாதையைப் புறப்படுமுன்பே முடிவு செய்யுங்கள்.

ஜி1 எடுப்பது சிக்கலான வேலை இல்லை. பாஸ்போர்ட், பி.ஆர். கார்ட் (நிரந்தர வதிவிட அட்டை) போன்ற மூல ஆவணங்களோடு, லைசென்ஸ் பரீட்சை நடத்தும் டிரைவ்ரெஸ்ற் நிலையத்துக்குப் போனால் கண் பரிசோதனையும் எழுத்துப் பரீட்சையும் அங்கேயே நடக்கும். மொத்தம் 40 கேள்விகள்: வீதி விதிகளில் 20, குறியீடுகளில் 20. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக 16 சரியாக வேண்டும். ஒன்றில் 20, மற்றதில் 15 என்றால் பெயில்தான். தமிழிலும் எழுதலாம், அது பெற்றோருக்கு உதவும். கட்டணம் 159.75 டொலர். முதல் ஜி2 றோட் ரெஸ்ற்றும் 5 வருட லைசென்ஸும் இதற்குள் அடக்கம்.

இனி அந்த எட்டு மாதம். வழமையான காத்திருப்பு 12 மாதம். அரசு அங்கீகரித்த பள்ளியில் முழுப் பாடநெறியையும் முடித்தால்தான் 8 மாதமாகக் குறையும்: வகுப்பு 20 மணி, காரில் 10 மணி, வீட்டு வேலை போன்றவை 10 மணி. தெரிந்த பயிற்சியாளரிடம் பத்துப் பாடம் எடுத்தது கணக்கில் வராது. முடித்த விவரத்தைப் பள்ளி போக்குவரத்து அமைச்சுக்கு அனுப்பிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்தபிறகே றோட் ரெஸ்ற்றுக்குப் பதியுங்கள்.

பாடநெறி எடுக்கச் சொல்வேன், எட்டாம் மாதமே ரெஸ்ற்றுக்கு ஓடச் சொல்லமாட்டேன். சித்திரையில் ஜி1 எடுத்தால் 8 மாதம் மார்கழியில் முடியும். கோடையில் மட்டும் பழகிய பிள்ளை, முதல் பனியில் தனியாக ஓட்டப் போகிறது. பனி படிந்த வீதியில் பிரேக் பிடித்தால் கார் எவ்வளவு தூரம் வழுக்கும், ஏ.பி.எஸ். (சில்லு இறுகிப் பூட்டாமல் தடுக்கும் பிரேக் முறை) வேலை செய்யும்போது பெடல் காலுக்குக் கீழே எப்படி அதிரும் என்பதெல்லாம் பக்கத்தில் ஆள் இருக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனாலே சாதாரண ரயரின் பிடி குறையத் தொடங்கும். ஒரு முழுக் குளிர்காலம் ஜி1 உடன் கழியட்டும்.

றோட் ரெஸ்ற்றுக்குக் கார் உங்களுடையது. பிரேக் லைட் ஒன்று எரியாவிட்டாலும் ரெஸ்ற் நடக்காது, பாதிக் கட்டணம் போய்விடும். 48 மணி நேரத்துக்குள் ரத்துச் செய்தாலும் அதே கதி. பெயிலானால் மறுபடி எடுக்கக் குறைந்தது 10 நாள் பொறுக்க வேண்டும். அதிகம் புள்ளி போகும் இடங்கள்: ஸ்ரொப் குறியில் சில்லு முழுதாக நிற்காமல் உருட்டிப் போவது, சிவப்பு விளக்கில் நிற்காமலே வலப்பக்கம் திரும்புவது, லேன் மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்ப்பது. தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்க்க வேண்டும், பரிசோதகர் அதைக் கவனிப்பார். கேர்ப் (வீதியோரம் உயர்ந்த விளிம்பு) உள்ள ஏற்றத்தில் நிறுத்தினால் முன் சில்லு இடப்பக்கம், இறக்கத்தில் வலப்பக்கம், கேர்ப் இல்லையென்றால் ஏற்றமோ இறக்கமோ வலப்பக்கம்தான். இலங்கையிலோ இந்தியாவிலோ இடப்பக்கம் ஓட்டிய பெற்றோர் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொருவர் சேர்த்துச் சொல்வது: ஜி2 கிடைத்தவுடன் எல்லாக் கட்டுப்பாடும் போய்விட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 19 வயதும் அதற்குக் கீழும் என்றால், முதல் 6 மாதம் இரவு 12 முதல் 5 வரை 19 வயதுக்கு மேற்படாத ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம். அதன்பின் முழு ஜி கிடைக்கும் வரை, அல்லது 20 வயதாகும் வரை, மூன்று பேர். சொந்தக் குடும்பத்தினர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பிறந்தநாள் விழா முடிந்து நண்பர்களை வீட்டில் இறக்கிவிடப் போகும்போதுதான் பெரும்பாலும் இந்த விதி மீறப்படும். மீறினால் முதல் தடவை 30 நாள் லைசென்ஸ் நிறுத்தம், அடுத்தது 90 நாள், மூன்றாம் தடவை ரத்து. திரும்ப ஜி1 இலிருந்து தொடங்க வேண்டும். கையில் போன் பிடித்து ஓட்டினாலும் இதே அளவு நிறுத்தம், அதோடு தண்டமும். மதுவில் பூச்சியம் என்பது முழு ஜி எடுத்தாலும் 22 வயதாகும் வரை தொடரும்.

காப்புறுதி நிறுவனத்திடம் மறைக்காதீர்கள். ஜி1 எடுத்தவுடனேயே அவர்களுக்குச் சொல்லுங்கள். கட்டணம் உயர்வது பெரும்பாலும் ஜி2 வந்த பிறகுதான். வீட்டில் ஓட்டுபவர் ஒருவரைச் சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் இழப்பீட்டிலேயே பிரச்சினை வரும். பாடநெறி முடித்ததற்குக் கட்டணக் கழிவு கேளுங்கள். குளிர்கால ரயருக்கு 2016 முதல் ஒன்ராறியோவில் கழிவு கொடுத்தே ஆக வேண்டும்.

ஜி2 உடன் 12 மாதம் ஓட்டியபின் கடைசி ரெஸ்ற். அன்று, கடந்த 3 மாதத்தில் எத்தனை தடவை ஹைவேயில் ஓட்டினாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அனுபவம் போதாதென்றால் ரெஸ்ற்றே நடக்காது, பாதிப் பணமும் போகும். ஆகவே அந்த மூன்று மாதமும் கிழமைக்கு ஒரு தடவையாவது 401இல் ஏற விடுங்கள்.