ஓபன் ரெயில்ஸ்: எசெக்ஸ் லூப்பில் பாயிண்ட் அசையவில்லை, சிக்னலும் சிவப்பாகவே நிற்கிறது

கேள்வி

வணக்கம். 2001-இல் மைக்ரோசாப்ட் ட்ரெயின் சிமுலேட்டருடன் வந்த ஆறு தடங்களுள் ஒன்றான மரியாஸ் பாஸை இப்போது ஓபன் ரெயில்ஸ் என்ற இலவச ரயில் சிமுலேட்டரில் ஓட்டி வருகிறேன். வைட்ஃபிஷிலிருந்து சரக்கு ரயிலை எசெக்ஸ் வரை கொண்டுசென்று, வேகன்களை லூப் லைனில் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மீண்டும் அதிலேயே சேரும் பக்கத் தடத்தில்) விட்டுவிட்டு, எஞ்சினை மட்டும் திருப்பிக் கொண்டுவர விரும்புகிறேன். ஆனால் லூப்புக்கு முன் ஜி விசையை எத்தனை முறை அழுத்தினாலும் பாயிண்ட் (ரயிலைத் தடம் மாற்றிவிடும் அமைப்பு) மெயின் லைனுக்கே அமைந்திருக்கிறது. ஒருமுறை சிவப்பு சிக்னலைக் கடந்து பார்த்தேன். எமர்ஜென்சி பிரேக் பிடித்து ரயில் நின்றுவிட்டது. நான் செய்யும் பிழை என்ன?

முதல் மறுமொழி

எஃப்4 அழுத்தி டிராக் மானிட்டரைப் பாருங்கள். அதில் ‘ஆட்டோ சிக்னல்’ என்று காட்டினால், ஆக்டிவிட்டி (விளையாட்டில் நீங்கள் தேர்ந்தெடுத்த பணி) வகுத்த பாதை உங்கள் ரயிலுக்காக ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். ஒதுக்கிய பாதையிலுள்ள பாயிண்ட்டை விளையாட்டு யாருக்கும் மாற்றித் தராது. உண்மையான ரயில்வேயிலும் இதுதான் முறை: சிக்னலும் பாயிண்ட்டும் ஒன்றுக்கொன்று முரண்படாதபடி பூட்டப்பட வேண்டும் என்பதற்காகவே 1856-இல் ஜான் சாக்ஸ்பி இன்டர்லாக்கிங்குக்குக் காப்புரிமை பெற்றார். சிவப்பைக் கடந்ததும் ரயில் நின்றது இந்தக் கண்டிப்பினால்தான்.

முதலில் எஃப்2 அழுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள். ரயிலை முழுவதுமாக நிறுத்தி, கண்ட்ரோல்-எம் அழுத்தி மேனுவல் முறைக்கு மாறிய பின் ஜி விசை வேலை செய்யும். அம்முறையில் சிக்னல்கள் தாமாகத் திறப்பதில்லை. ஒவ்வொன்றையும் டேப் விசையால் கேட்டுப் பெற வேண்டும். வேலை முடிந்ததும், எஞ்சினின் முன்முனை ஆக்டிவிட்டியின் பாதையில் இருக்கும்போது ஆட்டோவுக்குத் திரும்புங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி, லூப்பினுள் நுழைந்து வேகன்களை விட்டுவிட்டேன். எஞ்சின் மறுமுனை வழியாக மெயின் லைனுக்கு வந்து வைட்ஃபிஷ் நோக்கித் திரும்பும்போது, நான் உள்ளே நுழைந்த அதே பாயிண்ட்டுக்கு முன்னுள்ள சிக்னல் சிவப்பாகவே இருக்கிறது. மேனுவல் முறையில்தான் இருக்கிறேன், டேப்பும் அழுத்தினேன். பாயிண்ட் லூப்புக்கே அமைந்திருக்கிறது, அசைய மறுக்கிறது.

இரண்டாம் மறுமொழி

அந்தப் பாயிண்ட்டின் மேல் ஏதோ நிற்கிறது என்றே நினைக்கிறேன். கழற்றி விட்ட வேகன்களும் தண்டவாளத்தை அடைத்துக்கொண்டிருப்பவையே. எஞ்சின் இல்லாததால் விளையாட்டு அவற்றைப் புறக்கணித்துவிடாது. கடைசி வேகனின் ஒரு சக்கரம் பாயிண்ட் பகுதிக்குள் இருந்தாலும் அது பூட்டப்பட்டுவிடும், அதைக் காக்கும் சிக்னலும் திறக்காது. கேபினிலிருந்து வால்பகுதி தெரியாததால் லூப்பில் போதுமான தூரம் உள்ளே வந்துவிட்டோம் என்று நம்புவது எளிது. வெளிப்புறக் கேமராவில் கடைசி வேகன் வரை சென்று பார்த்த பிறகே கழற்ற வேண்டும். கண்ட்ரோல்-9 அழுத்தினால் வரும் டிஸ்பேட்சர் சாளரத்திலும் எது எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இந்த ஒரு சிக்னல் மட்டுமல்லாமல், தடம் முழுவதும் எல்லாச் சிக்னல்களும் எப்போதும் சிவப்பாக இருந்தால் காரணம் வேறு. அப்போது டெஸ்க்டாப்பில் உள்ள ஓபன் ரெயில்ஸ் லாக் கோப்பைத் திறந்து, சிக்னல் கோப்புகளான சிக்சிஎஃப்ஜி, சிக்எஸ்சிஆர் ஆகியவற்றைப் பற்றி எச்சரிக்கை பதிவாகியுள்ளதா என்று தேடுங்கள். உங்கள் நிலையில் அது தேவைப்படாது.

கேட்டவர்

நீங்கள் சொன்னபடியே கடைசி இரண்டு வேகன்கள் பாயிண்ட்டின் மேல் நின்றன. எஞ்சினை மறுமுனை வழியாக மீண்டும் லூப்புக்குள் கொண்டுவந்து, வேகன்களை இணைத்து, வால்பகுதி பாயிண்ட்டைத் தாண்டும் வரை இழுத்துவிட்டுக் கழற்றினேன். மெயின் லைனுக்குத் திரும்பி வந்து ஜி அழுத்தியதும் பாயிண்ட் மாறியது. டேப் அழுத்தியதும் சிக்னல் திறந்தது. இருவருக்கும் நன்றி.