ராத்திரி வால்யூமைக் குறைத்தால் இடது பக்கம் அமுங்குகிறது: புது ஆம்ப்பில் எதைப் பார்க்கணும்?

மாடிவீட்டு ரசிகன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 50 வாட் பழைய இன்டகிரேட்டட் ஆம்ப் (எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர்), ஒரு சிடி பிளேயர், 88 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர். வால்யூம் குமிழை (கடிகார முள் கணக்கில்) 8 மணி நிலையிலிருந்து கொஞ்சம் நகர்த்தினாலே தூங்குகிற பாப்பா எழுந்துவிடுகிறாள். அதற்குக் கீழே போனால் இடது பக்கம் அமுங்கிவிடுகிறது. ஸ்பீக்கர் வயர், சிடி பிளேயரிலிருந்து வரும் ஆர்சிஏ வயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பார்த்தேன். ஆம்ப்பின் இடது சேனல்தான் பிரச்சினை. 100 வாட்டில் புதிதாக வாங்கினால் சரியாகுமா?

பழைய வால்வு:
வாட்டை விடுங்க தம்பி. 50-க்கும் 100-க்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். குமிழுக்குள் ஒரே தண்டில் இரண்டு தடங்கள் இருக்கும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஆரம்பப் பகுதியில் இரண்டும் ஒத்துப்போகாது. சிடி பிளேயர் 2 வோல்ட் வரை அனுப்பும்; பழைய ஆம்ப்கள் பலவற்றுக்கு முழு சத்தத்துக்கு 150 மில்லிவோல்ட்டே போதும். அதனால்தான் நீங்கள் அந்த மோசமான மூலையிலேயே நிற்கிறீர்கள். முதலில் ஆர்சிஏ வயரில் செருகி சிக்னலைக் குறைக்கும் 12 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள். புதிதாக வாங்கினால் கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைவாக இருக்கணும், வால்யூம் ரிலேயில் (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) ரெசிஸ்டர் மாற்றுகிற வகையாகவோ எலக்ட்ரானிக் சிப்பாகவோ இருக்கணும்.

ஊசியும் தட்டும்:
டோன் கன்ட்ரோல் (பாஸ், ட்ரெபிள் குமிழ்கள்) இல்லாததை ‘சுத்தமான ஆம்ப்’ என்று தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். சத்தம் குறைந்தால் காதுக்கு பாஸ், அதாவது கனத்த ஒலி, சரியாகக் கேட்காது, 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டிய விஷயம். ராத்திரி கேட்பவருக்கு பாஸ் குமிழோ குறைந்த சத்தத்தில் பாஸைக் கூட்டித் தரும் லவுட்னஸ் பட்டனோ அவசியம். இடம் வலம் சத்தத்தைச் சமன் செய்யும் பேலன்ஸ் குமிழும் இருக்கட்டும்.

பழைய வால்வு:
பேலன்ஸ் இதற்குத் தீர்வில்லை சார். ஒவ்வொரு வால்யூமுக்கும் திரும்பச் சரிபண்ணணும். டோன் விஷயத்தில் உங்கள் கட்சிதான்.

மாடிவீட்டு ரசிகன்:
அடுத்து டர்ன்டேபிள் வாங்கும் எண்ணமும் இருக்கிறது.

ஊசியும் தட்டும்:
அப்போ எம்எம் ஃபோனோ (எம்எம் வகை ஊசிக்கான தனி இன்புட்) உள்ளதாகப் பாருங்கள். ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதை சாதாரண ஆக்ஸ் இன்புட்டில் செருகினால் கிசுகிசுப்பாகத்தான் கேட்கும். பின்னாளில் சப்வூஃபர் (பாஸுக்கான தனி ஸ்பீக்கர்) வந்தால், அதற்கு சிக்னல் எடுக்க ப்ரீ-அவுட் துளை உதவும்.

மாடிவீட்டு ரசிகன்:
அட்டெனுவேட்டர் போட்டாச்சு! இப்போ 10 மணி வரை தைரியமாகத் திருப்புகிறேன், இரண்டு பக்கமும் சமம். ஆம்ப் வாங்குவது தள்ளிப்போகுது. டிவிக்கும் ஒரு ஜோடி வாங்கணுமா?

பழைய வால்வு:
டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுத்தால் வேண்டாம், ரிமோட்டிலேயே குறைத்துக்கொள்ளலாம்.