புதுப்பிப்பு: அக்டோபர் கோல்ஃப் பயணம், அரிசோனாவா வட கரோலினாவா?

அக்டோபரில் கோல்ஃப் ஆட அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் போகலாமா, வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"அப்போது அரிசோனாவில் குளிர்காலப் புல் விதைப்பார்கள், பல மைதானங்கள் மூடியிருக்கும்" என்ற பதில்தான் உதவியது. விசாரித்தேன், சரிதான். திறந்த பிறகும் கொஞ்ச நாள் கோல்ஃப் வண்டியைப் புல்லில் இறக்க விடமாட்டார்களாம். அதனால் பைன்ஹர்ஸ்ட்.

டொனால்ட் ராஸ் வடிவமைத்து 1907-இல் திறந்த அங்குள்ள இரண்டாம் எண் மைதானத்தில் ஆடினோம். கட்டணம் கையைக் கடிக்கும். கிரீன்கள் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) கவிழ்த்துவைத்த தட்டு மாதிரி. மேலே விழுந்த பந்து ஒரு நொடி தயங்கிவிட்டு ஓரத்தில் உருண்டு இறங்கிவிடுகிறது. அங்கிருந்து தூக்கி அடிப்பதைவிட புட்டரால் (பந்தைத் தரையோடு உருட்டும் மட்டை) தள்ளுவதே மேல்.

எதிர்பாராதது, அங்கேயே உள்ள 'தி கிரேடில்' என்ற 9 குழி குட்டி மைதானம். புதிதாக ஆடுகிறவர்கள் உங்களோடு வந்தால் முதலில் அங்கே கூட்டிப்போங்கள்.