பெத்த அம்மாகிட்ட ஆள் அனுப்பிக் கேட்கச் சொல்லலாமா?

மாங்கனி93:
வளர்க்க முடியாத பெண் குழந்தைகளை அரசிடம் கொடுத்துவிடும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் 1992-ல் தொடங்கியது. அடுத்த வருஷம் அங்கே ஒப்படைக்கப்பட்டவள் நான். போன மாதம் என் கோப்பின் நகல் கைக்கு வந்தது. ஒன்றரைப் பக்கம். 'எடை 2 கிலோ 100 கிராம். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு.' இந்த வரியைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. கண்ணு படக்கூடாதுன்னு கட்டித்தானே கொடுத்திருக்காங்க.

கீழே கைநாட்டு இருக்கு. பேரையும் ஊரையும் மை போட்டு மறைச்சிருக்காங்க. வெளியே சொல்லக்கூடாதுன்னு அன்னிக்கே கேட்டுக்கிட்டாங்களாம்.

இப்ப எனக்கு ஏழாம் மாசம். சுகர் வந்திருக்கு. 'அம்மாவுக்கு சுகர் உண்டா?' என்று டாக்டர் கேட்டதும், பக்கத்தில் இருந்த என்னை வளர்த்த அம்மா, 'எனக்கு இல்லையே டாக்டர்' என்றுவிட்டு அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார்.

பெத்த அம்மாவைத் தேடிப்போய் எழுத்தில் சம்மதம் கேட்கிறோம் என்கிறார்கள் அதிகாரிகள். அந்த வாசலில் ஜீப் போய் நின்றால் அவர் கதி என்ன? கேட்கச் சொல்லவா, விட்டுடவா?

ஓய்வுபெற்றவள்:
கண்ணு, இந்த வேலையில நான் இருந்திருக்கேன். 2022 தத்தெடுப்பு விதிமுறைப்படி, 18 வயசு தாண்டினவங்க, பெத்தவங்களைத் தேடச் சொல்லித் தாங்களே விண்ணப்பிக்கலாம். பெத்தவங்க மறுத்தாலும், ஆள் கிடைக்காட்டியும், எந்த நிலைமையில கொடுத்தாங்கன்னு உனக்குச் சொல்லியாகணும். ஆனா பெத்தவங்க அந்தரங்கத்தை மீறக்கூடாதுன்னும் அதே விதி சொல்லுது. யார் போறாங்க, எப்படிப் பேசுவாங்கன்னு முதல்ல கேளு. நான் பஸ்லதான் போவேன். குழாயடியில தனியா நிக்கிற நேரம் பார்த்துத்தான் வாயைத் திறப்பேன்.

உடம்பு விவரத்தை அன்னிக்கே கேட்டு, பேர் இல்லாம எழுதி வச்சிருந்தா இன்னிக்கு யாரும் அங்க போகவே வேண்டாம். எழுதலை. அது எங்க தப்பு.

வளர்ப்பப்பா:
டிஎன்ஏ சோதனைக்கு எச்சில் அனுப்பினால் சொந்தபந்தம் தெரிஞ்சிடுமே? எங்க பையன் கேட்கிறான்.

ஓய்வுபெற்றவள்:
வேண்டாங்க. அந்தம்மா காதுக்குப் போகும் முன்னாடி அவங்க அண்ணன் பேரனுக்குத் தெரிஞ்சுடும். கேட்காமலே காட்டிக் கொடுத்த மாதிரி.

பேர் வேண்டாம்:
நானும் ஒண்ணைக் கொடுத்தவதான். எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. வாசல்ல வந்து நின்னா என்னால தாங்க முடியாது. ஆனா ஒவ்வொரு ஐப்பசியும், உசிரோட இருக்குன்னு யாராவது காதுல சொல்ல மாட்டாங்களான்னு இருக்கும். சுகர் இருக்கான்னு தனியாக் கேட்டா சொல்லிடுவேன் சாமி. அதைக்கூடவா மறைப்பேன்?

மாங்கனி93:
அக்கா, உங்க பதிலை அம்மாவும் நானும் சேர்ந்து படிச்சோம். ஒரே தாளில் மூணு கேள்வி எழுதியிருக்கேன்: சுகர், பிரஷர், பிரசவத்தில் சிக்கல். பேர், ஊர் கேட்கலை. அடியில், நல்லா இருக்கேன்னு ஒரு வரி. போறவங்க யாருன்னு திங்கட்கிழமை விசாரிச்சுட்டுத்தான் தாளைக் கொடுப்பேன்.